ஒரே நோடில் பதினெட்டாயிரம் முடிவுகள்

ஒன்பது மருத்துவமனைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டர்களின் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த அலுவலகத்தின் வேலை. அதற்கென்று மூன்று கம்ப்யூட்டர்கள், நோடு என்பார்கள். அன்று காலை இரண்டு நோடுகள் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, மூன்றாவதில் பதினெட்டாயிரம் முடிவுகள் தேங்கி நின்றன. ஒன்பதில் பெரிய மருத்துவமனையில் ஒரு நோயாளி ஆபரேஷன் டேபிளில் படுத்திருந்தார். அவருடைய முடிவும் அந்தக் கூட்டத்தில்தான் மாட்டியிருந்தது.

"ரீஸ்டார்ட் பண்ணுங்கய்யா!" என்று குதித்தார் பிரிவுத் தலைவர். எந்த நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான்.

"ரெண்டு தடவை பண்ணியாச்சு சார். மறுபடியும் அந்த மூணாவது நோடுலயே போய் விழுது," என்றான் ஒரு ஊழியன்.

"அப்போ தேங்கி நிக்கிற க்யூவைக் காலி பண்ணுங்க!" என்றார் தலைவர்.

"காலி பண்ணா அத்தனை பேரோட முடிவும் போயிடும்," என்றது ஒரு குரல். அலுவலகமே 'நிதானம்' என்று கேலி செய்யும் அம்மா. தலைவர் பல்லைக் கடித்தார். அந்த அம்மாவோ தேங்கியதில் நூறு முடிவுகளைத் திறந்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எண்ணினார். எண்பத்து மூன்று, பெரிய மருத்துவமனையுடையவை.

பிறகு எந்த முடிவு எந்த நோடுக்கு என்று பங்கிடும் விதியைத் திறந்தார். எழுதியவர் பெயரைப் பார்த்ததும் திரையைத் தலைவர் பக்கம் மட்டும் திருப்பினார்.

"ஒரு நோயாளியோட முடிவுகள் முன்னபின்ன ஆகக்கூடாதுன்னு, ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரே நோடுன்னு எழுதியிருக்கு. நல்ல எண்ணம்தான் சார். ஆஸ்பத்திரிக்குப் பதிலா நோயாளி நம்பரை வெச்சுப் பிரிச்சா, வரிசையும் மாறாது, பாரமும் பிரிஞ்சுடும்."

தலைவருக்கு முகம் சுண்டிப்போனது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து ஊரைத் திட்டியிருக்கிறார்.

அந்த அம்மா க்யூவுக்குள் வருவதையும் போவதையும் நிறுத்தி, விதியில் ஆஸ்பத்திரி என்றிருந்த கட்டத்தை நோயாளி நம்பர் என்று மாற்றி, தேங்கியதையெல்லாம் புது விதிப்படி மறுபடி ஓடவிட்டார். மூன்று நோடுகளும் சரிசமமாக இழுக்கத் தொடங்கின. தேக்கம் பதினெட்டாயிரம், பதினோராயிரம், நாலாயிரம் என்று இறங்கியது. அவசரமே இல்லாத அந்த விரல்களைத் தலைவர் பார்த்தார். இத்தனை நாள் இவரையா கேலி செய்தோம் என்று கூசியது.

போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். "வந்துடுச்சு. ஆரம்பிக்கிறோம்."

அறையே கைதட்டியது. "யாருங்க அந்த விதியை எழுதின புண்ணியவான்?" என்று எவனோ கேட்டான்.

"அது பழைய விதிப்பா, விடு," என்றார் அந்த அம்மா.

தலைவர் எழுந்து நின்றார். "நான்தான் எழுதினேன். காலையிலேர்ந்து உங்களையெல்லாம் திட்டின அதே புண்ணியவான். இவங்க தடுக்கலைன்னா, அந்த நோயாளியோட முடிவையும் நானே அழிச்சிருப்பேன்."