மூன்றாம் பேஸைக் கேளுங்கள்

ஆர்வில் ஸ்டெக்கர் பேஸ்பால் அம்பயராக இருந்த காலம் முழுக்க, ஆட்டக்காரர்கள் கையிலிருந்து ஒரு காபி கூட வாங்கிக் குடித்ததில்லை. மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் என்ற முறையில் அவர் காலடியில் குந்தியே முட்டியைத் தேய்த்தவன் நான்; எனக்குத் தெரியாதா? இப்போது மனுஷனுக்கு இடுப்பெலும்பு போய், சக்கர நாற்காலியே கதி என்று ஆகிவிட்டது. டேவன்போர்ட்டில் மேட்டுத் தெருவில் வீடு, வாசலில் செங்குத்தான படிகள். பனி உருகி, ஆற்றங்கரை மைதானத்தில் ஆட்டங்கள் தொடங்கிய பிறகும், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அவர் கீழே இறங்கவில்லை.

நொடித்துப்போன பேஸ்பால்காரர்களுக்குக் கைகொடுக்க எங்களிடம் ஒரு சங்கம் இருக்கிறது. படிகளின் மேல் மரத்தால் சாய்தளம் போட்டுத் தருகிறோம் என்றோம். பேச்சு முடிவதற்குள் போனை வைத்துவிட்டார். அதனால் நானும் டுவெய்ன் கோவல்ஸ்கியும் நேரிலேயே போனோம். கோவல்ஸ்கி எங்கள் அணியின் பழைய மேனேஜர். ஆர்வில் மைதானத்தை விட்டு அதிகம் விரட்டியது இவரைத்தான். பிறகு ஏன் இவரைக் கூட்டிப்போனாய் என்று கேட்காதீர்கள், வண்டி அவருடையது.

"எனக்குத் தேவையில்லப்பா," என்றார் ஆர்வில். "நாளைக்கு எவனாவது, இந்த அம்பயர் நம்மகிட்ட கை நீட்டினவருதானேம்பான்."

"யோவ், நீ ரிட்டயர் ஆகி எந்தக் காலம்! உனக்கு எவன்யா இப்ப லஞ்சம் குடுக்கப் போறான்?" கோவல்ஸ்கி பழைய வழக்கப்படி மூக்கோடு மூக்கு உரசக் குனிந்தார். "அன்னிக்கும் உனக்குக் கண்ணு தெரியல, இன்னிக்கும் தெரியல!"

ஆர்வில் கை வாசலை நோக்கி விசுக்கென்று பாய்ந்தது. "வெளிய போ!"

கோவல்ஸ்கி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து, அதை எட்டி உதைத்துவிட்டு, முறைப்படி வெளியேறினார். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து திட்டு தொடர்ந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. வந்த காரியம் கெட்டதே என்று எரிச்சலும் வந்தது.

அப்போதுதான் ஆர்விலின் மனைவி வெர்னா அண்ணி, சமையலறையிலிருந்து வாழைப்பழ ரொட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவர் மணிக்கட்டில் பெரிய கட்டு. சக்கர நாற்காலியைப் படிகளில் யார் தூக்கி இறக்குகிறார்கள் என்று நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

எங்கள் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. மட்டையை வீச வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டால், வீசினானா இல்லையா என்பது அவனுக்குப் பின்னால் நிற்கும் அம்பயருக்குச் சரியாகத் தெரியாது. பக்கவாட்டில், மூன்றாம் பேஸ் என்கிற முனையில் நிற்கும் அம்பயருக்குத் தெரியும். ஆனால் அவர் தானாக வாய் திறக்கக் கூடாது. கேட்சர் வேண்டினால், பின்னால் நிற்பவர் கை நீட்டி அவரைக் கேட்க வேண்டும். அவர் முஷ்டியை உயர்த்தினால் வீசினான் என்று அர்த்தம்; அவர் சொல்வதே முடிவு.

நாற்காலியின் முன்னால் குந்தினேன். முட்டி இரண்டும் கடகடத்தன.

"தேவையா இல்லையான்னு உங்களுக்குச் சரியாத் தெரியல அண்ணே. மூணாவது பேஸைக் கேளுங்க," என்று அண்ணியைக் காட்டினேன்.

யோசிப்பதற்குள் ஆர்விலின் கை தானாக எழுந்து அண்ணியை நோக்கி நீண்டுவிட்டது. பழக்கம் யாரை விட்டது!

வெர்னா அண்ணி கட்டுப்போட்ட கையை முஷ்டியாக்கி உயர்த்தினார். "தேவை! எனக்குத் தேவை. தூக்கித் தூக்கி என் கை போச்சு. எனக்கும் வெளிய போகணும், மேட்ச் பாக்கணும்!"

ஜன்னலுக்கு வெளியே ஒரு விசில் பறந்தது.

ஆர்வில் நீட்டிய கையை இறக்கினார். "மூணாவது பேஸ் சொன்னா சொன்னதுதான். மரத்தைக் கொண்டு வாங்க. ஆனா அவன் மட்டும் உள்ள வரக்கூடாது."

கோவல்ஸ்கியின் பங்கு ரொட்டி ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும் என்று புரிந்தது.

ஆர்வில் அண்ணியின் கையை மெல்லப் பிடித்து, கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே," என்றார் அண்ணி.

ஆர்வில் அந்தக் கையை விடுவதாக இல்லை. ரொட்டியை நானே வெட்டினேன்.