மச்சு வீடு, இரண்டாம் பாகம்

பாபநாசத்தில் அணைக்கட்டு ஊழியர் குடியிருப்புக்கு மலை குறுக்கே நிற்கும். டிவியைப் போட்டால் புள்ளி புள்ளியாக மழைதான் பெய்யும். அதனால் பத்மப்ரியா ‘மச்சு வீடு’ நாடகத்தை ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை ராத்திரி திருநெல்வேலி டவுணில் அக்கா சுப்புலக்ஷ்மி பார்ப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் பத்மாவின் பக்கத்து வீட்டு சாலோமி டீச்சரின் ஃபோனுக்குக் கூப்பிட்டு, ஒரு காட்சி விடாமல் தங்கைக்குச் சொல்வாள். பார்க்காத நாடகத்தைப் பற்றிப் பத்மாவுக்கு இருந்த அபிப்பிராயங்கள் பார்த்தவர்களுக்குக்கூட இருந்திருக்காது.

அந்த நாடகத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பெண்டாட்டியைக் கொல்லத் திரிகிறவன் பெயர் ஜம்பு. சுப்புலக்ஷ்மி புருஷன் பெயரும் ஜம்பு. புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை என்று வளர்க்கப்பட்டவள் அவள். ஆகவே அந்தக் கொலைகாரனையும் ‘அவுக’ என்றுதான் சொல்வாள். “அவுக அரிவாளை எடுத்துக்கிட்டு பைய வருதாக” என்று அவள் மரியாதை குறையாமல் சொல்லும்போது பத்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

முதல் பாகம் முடிகையில் நாடகத்து ஜம்பு கிணற்றில் விழுந்தான். ஒரு வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிவித்ததும் அக்கா தங்கை இருவருக்கும் வாக்குவாதம். செத்தவனை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே, நன்றாக முடிந்த கதையை எதற்கு இழுக்கிறார்கள் என்றாள் பத்மா. பிணத்தை யாரும் பார்க்கவில்லையே, அவுக திரும்பி வருவாக என்றாள் அக்கா.

வீட்டு ஜம்புவும் ஒரு வருஷம் ஊரில் இல்லாமல் இருந்தான். குடித்துவிட்டு அடிக்கிறான் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசிய பிறகு, மதுரைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு தனியாகப் போயிருந்தான். போன மாதம்தான் திரும்பி வந்தான். பாபநாசம் கோயிலில் எல்லோருக்கும் முன்னால் சூடத்தை அணைத்து, இனிமேல் இவள்மேல் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். குடும்பமே நம்பியது. பத்மாவும் நம்பினாள்.

இரண்டாம் பாகம் தொடங்கவேண்டிய வாரம், வெள்ளிக்கிழமை காலையில் ஃபோன் வந்தது. அக்காவின் குரல் கம்மியிருந்தது. அத்தான் எங்கே என்று பத்மா கேட்டதற்கு, ஹாலில்தான் சவரம் செய்கிறார், நேற்று ராத்திரி லேட்டாகத்தான் வந்தார் என்றாள்.

“முதல் வாரமே பயமாத்தான் இருக்குட்டி. அவுக வந்துட்டாக. நல்லவுக மாதிரிதான் வந்தாக. இப்பம் மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டாந்து மாடிப்படிக்கு அடியில வச்சிருக்காக. ஸ்டவ் வெடிச்சிட்டுன்னு சொல்லிக்கிடலாம்னு அவகிட்டயே சொல்லுதாக.”

பத்மாவுக்கு உற்சாகமாகிவிட்டது. போன பாகத்தில் அரிவாள், இந்தப் பாகத்தில் மண்ணெண்ணெயா, எழுதுகிறவன் பழசை மறந்துவிட்டானா என்று பிடித்துக்கொண்டாள். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

“அவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அவ வந்துருவாளாட்டி? நீ என்ன நெனைக்கே?”

முதல் பாகத்தில் அவளுக்குத் தங்கச்சியே கிடையாது. நடுவில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து சொருகுவது பத்மாவுக்கு அறவே பிடிக்காத வேலை. முதல் வாரமே அவள் வந்து காப்பாற்றிவிட்டால் மிச்ச வாரத்துக்கு எதைக் காட்டுவான்?

“அவ வரக் கூடாதுக்கா. வந்தா கதை கெட்டுரும்” என்று சொல்லிச் சிரித்தாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அக்கா சண்டைக்கு வருவாள். இன்று “அப்படியா சொல்லுதே. சரிட்டி” என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

சாலோமி டீச்சர் தலையை வாரிக்கொண்டே, அக்கா இன்றைக்கு என்ன கதை சொன்னாள் என்று கேட்டாள். பத்மா மண்ணெண்ணெய் வரைக்கும் சொல்லியிருப்பாள். டீச்சரின் சீப்பு நின்றுவிட்டது. நேற்று ராத்திரி அவள் அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருந்தவள்; அங்கே டிவி தெளிவாகத் தெரியும்.

“நேத்து நாடகமே போடலியே பத்மா. கிரிக்கெட்டு இழுத்துக்கிட்டே போச்சு. அடுத்த வாரம்னு எழுத்துப் போட்டுட்டான்.”

பத்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அக்கா சொன்னது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அவுக வந்துட்டாக. மாடிப்படிக்கு அடியில் வச்சிருக்காக. தங்கச்சி வந்துருவாளா? அவன் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு, நாடகக் கதைபோல அக்கா தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நாடகத்துக்குத் தீர்ப்புச் சொல்வதாக நினைத்து, அவளிடம், வர மாட்டேன் என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஃபோனை எடுக்கப் போன கையை டீச்சர் பிடித்தாள். அவன் எடுத்தால் என்ன சொல்வாய் என்றாள். பத்மாவின் புருஷன் அணைமேல் வேலைக்குப் போயிருந்தான். அவன் இறங்கி வரும்வரை காத்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு டீச்சரும் கூடவே பஸ் ஏறினாள்.

சேரன்மகாதேவியில் ஏறிய இரண்டு பெண்கள் முன்சீட்டில் உட்கார்ந்ததுமே நாடகப் பேச்சை எடுத்தார்கள். ஆசையாகக் காத்திருந்தால் கிரிக்கெட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டானே என்று ஒருத்திக்கு ஆற்றாமை. ஜம்பு இல்லாவிட்டால் நாடகத்தில் சுவாரசியமே இல்லை, அவன் வந்தே ஆகவேண்டும் என்றாள் மற்றவள். இந்நேரம் டவுண் முழுக்க இதைத்தான் பேசிக்கொண்டிருக்கும். பால்காரன் சொல்லலாம், டீக்கடையில் சொல்லலாம். நேற்று நாடகம் இல்லை என்று யாராவது ஒருத்தர் அவனிடம் சொல்லிவிட்டால் போதும். பஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் அவள் ஓட்டுநரின் முதுகை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரதவீதியிலிருந்து பிரிகிற சந்தில் அக்கா வீடு. கதவைத் தட்டியதும் ஜம்புதான் திறந்தான். குளித்துத் திருநீறு பூசியிருந்தான். சிரித்தான். ஒரு கதவை மட்டும் திறந்து, மற்றதன் மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

“வா பத்மா. நேத்து நாடகமே போடலியாம். எதிர்வீட்டு மாரிக்கண்ணு இப்பத்தான் சொல்லுதா. ஒங்க அக்கா ஃபோன்ல அவ்வளவு நேரம் யாரு கதையச் சொன்னா?”

வீட்டுக்குள்ளிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது. டீச்சர் பத்மாவின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். எதிர்வாசலில் மாரிக்கண்ணு இடுப்பில் குடத்தோடு நின்று என்ன ஏது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பின்னால் மாடிப்படியில் அக்கா இறங்கி வந்தாள். அவள் சேலை இடுப்புக்குக் கீழே நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. வாடை அதிலிருந்துதான் வந்தது. தங்கையைப் பார்த்ததும் உதடு கோணியது, அழவில்லை. அவனுடைய தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படியாகச் சொன்னாள்.

“ஜம்பு கதையத்தான் சொன்னேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர் அது. கதவில் ஊன்றியிருந்த அவன் கை நழுவியது. மாரிக்கண்ணு குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள்.