படத்தில் இருந்த தையல்

அண்ணி கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். திரையில், தைக்கும் பைகளை ஆன்லைனில் விற்கப் பதிவு செய்யும் படிவம். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருபது வருஷம் ஓட்டியவள். எந்தப் படிவத்தைக் கண்டாலும் முரண்டு பிடிக்கும் நோயாளியைப் போலத்தான் நடத்துவாள்.

"பேரைச் சொல்லு."

"எந்தப் பேரு அண்ணி?"

"உனக்கு எத்தனை பேருடி இருக்கு? பாங்க் பாஸ்புக்ல இருக்கறதச் சொல்லு."

தையல்காரி திரையை எட்டிப் பார்த்தாள். "அது வெளிய தெரியுமா?"

"வாங்கறவங்களுக்குக் கடைப் பேர்தான் தெரியும். படிச்சுப் பாத்துட்டேன். என்ன பேர் வைக்கலாம்? பயந்தாங்கொள்ளி பைகள்னு வைக்கட்டுமா?"

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அவள் புருஷனை விட்டு ஓடிவந்து எட்டு மாதம் ஆகிறது. இருவரும் பை தைக்கும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவன் துணி வெட்டுகிறவன், அவள் தைக்கிறவள். அவன் உடைத்த தோள் எலும்பு கூடியது இந்த வீட்டில்தான். அண்ணன் வேலை மாறி இந்த ஊருக்கு வந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியாயிற்று. ஆனால் அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே? வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். போன வாரமும் ஸ்டேஷன் எழுத்தர் கையை விரித்தார். "அட்ரஸ் கொண்டாம்மா, மறுநாளே குடுத்துடறோம். காத்து கையிலயா உத்தரவக் குடுக்க முடியும்?"

"சரக்க எங்க வந்து எடுத்துக்கணும்னு கேக்குது," என்றாள் அண்ணி. "பார்சல் மேலயும் அந்த அட்ரஸ்தான் ஒட்டுவாங்களாம்."

"அப்ப வேணாம் அண்ணி. எடுத்துருங்க."

"இரு, பதறாத. ஜெராக்ஸ் அண்ணன் கடை அட்ரஸக் குடுப்போம். நாலு தெரு தள்ளி இருக்கு. நான் பேசிக்கறேன்."

ஜெராக்ஸ் அண்ணன் மறு பேச்சில்லாமல் சரி என்றார். பார்சலில் ஒட்டும் சீட்டையும் தானே பிரிண்ட் எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

அப்புறம் படம் எடுத்தார்கள். சாப்பாட்டுப் பையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து முன்னால், பின்னால், உள்ளே, பக்கவாட்டில் என்று நாலு படம். "தையல் எவ்வளவு உறுதின்னு தெரியட்டும்," என்று பிடி சேரும் இடத்தைக் கிட்டத்தில் வைத்து ஐந்தாவது படத்தையும் அண்ணியே எடுத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கைப்பேசி டிங் என்றது. முதல் ஆர்டர். ஒரே ஒரு பை. யாரோ தெரியாத பெண் பெயர். கீழே இருந்த ஊர் அவளுடைய பழைய ஊர்.

திரையில் இருந்த ஊர்ப் பெயரை அண்ணிக்கு விரலால் காட்டினாள்.

"அது பெரிய ஊருடி. ஆயிரம் பேர் பை வாங்குவாங்க," என்றாள் அண்ணி.

இருக்கலாம்தான். தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, வாங்கியவர் கண்ணுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். பேர் இல்லை. முகம் இல்லை. வீடு இல்லை. ஐந்தாவது படத்தில் விரல் நின்றது.

கம்பெனியில் எல்லாரும் பிடியைச் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டு முடிப்பார்கள். அவள் மட்டும் அதற்குள் சின்னதாக ஒரு வைரக் கட்டம் ஓட்டுவாள். பிடி அறாது. இருநூறு பைகளின் குவியலில் கையை விட்டு அவளுடையதை மட்டும் உருவி எடுத்து, "இது உன் கைதானே?" என்று அவன் கேட்டதில்தான் அவள் மயங்கியதே. பேரை மறைத்தாள், ஊரை மறைத்தாள். கையை மறைக்க மறந்துபோனாள்.

"ஆர்டர ரத்து பண்ணிடு," என்றாள் அண்ணி.

"பண்ணா, பயந்துட்டேன்னு தெரிஞ்சிடும் அண்ணி. அதுவே பதில் சொன்ன மாதிரி."

ஐந்தாவது படத்தைக் கடையிலிருந்து நீக்கிவிட்டாள். பையின் பிடியைப் பிரித்து, எல்லாரையும் போலச் சதுரமும் பெருக்கல் குறியுமாக மறுபடி தைத்தாள். பழகிய கை தானாக வைரக் கட்டத்துக்குத் திரும்பியது. இரண்டு தடவை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஜெராக்ஸ் அண்ணன் பிரிண்ட் எடுத்துத் தந்த சீட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் பார்சலில் ஒட்டி, அவர் கடையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தையல் மெஷினை நிறுத்துவாள். பால்காரர் பெல்லடித்தாலும் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள். அண்ணன் சாவியைத் தவறவிட்டுக் கதவைத் தட்டிய அன்று, ஜன்னல் இடுக்கில் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

ஒன்பதாம் நாள் கைப்பேசி மறுபடி டிங் என்றது. வாங்கியவர் பையைத் திருப்பி அனுப்பக் கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் ஒரு வரி.

'படத்துல இருந்த தையல் இது இல்ல. பிரிச்சுத் தைச்சா தெரியாதா? யார் கைன்னு எனக்குத் தெரியும்.'

அண்ணி இரண்டு தடவை படித்தாள். இந்தத் தடவை கேலி வரவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊரை விட்டுப் போயிடலாம் அண்ணி. நான் மட்டும் போறேன்."

"எங்கடி போவ? போற ஊர்லயும் பைதானே தைப்ப?" அண்ணி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா, பை எப்படி அவன் கைக்குப் போச்சு?"

"கூரியர்ல..."

"கூரியர்காரனுக்கு வழி யாரு சொன்னா?"

தையல்காரி நிமிர்ந்தாள். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு அட்ரஸ் இருக்கும், அனுப்புகிறவருடையதும் வாங்குகிறவருடையதும். இத்தனை நாளும் அவள் நடுங்கியது ஒன்றுக்காக மட்டும்தான்.

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அண்ணியின் கையைப் பிடித்தபடி நாலு தெருவும் நடந்தாள். வழியில் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியும் அவளுக்காகவே வருவது போல இருந்தது. ஜெராக்ஸ் அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்தார். "எதை எடுத்தாலும் ரெண்டு பிரிண்ட் போடற கை இது. வீட்ல இதுக்குத்தான் திட்டு வாங்கறேன். இந்தாங்க, அந்தச் சீட்டோட இன்னொரு பிரிண்ட்."

கதவு எண், தெரு, மாடி, பக்கத்தில் என்ன கடை என்று எல்லாம் அதில் இருந்தது. டெலிவரி தவறக் கூடாதென்று அவனே கவனமாக நிரப்பியிருந்தான்.

ஸ்டேஷனில் எழுத்தர் சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது பொம்பளப் பேரா இல்ல இருக்கு? அவன்தான்னு எப்படிம்மா சொல்றீங்க?"

அவள் கைப்பேசியில் அந்த வரியைக் காட்டினாள். முந்தானைக்குள்ளிருந்து தன் கையால் தைத்த இன்னொரு பையை எடுத்து மேசைமேல் வைத்து, பிடியைத் திருப்பினாள். வைரக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"இந்தத் தையல் இல்லன்னு கோவிச்சுக்கற ஆளு உலகத்துல ஒருத்தன்தான் சார் இருக்கான்."

எழுத்தர் பிடியையும் பார்த்தார், அவள் தோளையும் பார்த்தார். பேனாவைத் திறந்து கோர்ட் உத்தரவின் மேல் அட்ரஸை எழுதத் தொடங்கினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் வாசலைப் பார்த்தபடியே நின்றாள்.