விலா எலும்பின் கீழ் விளிம்பு

1989 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, தில்லையம்பலம் ஒரு கடிதத்தோடு கிழக்கு லண்டனில் இருந்த நெஞ்சுநோய் கிளினிக்குக்கு வந்தான். இறந்துபோன மனைவி தவமலரின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளையும் தப்பவில்லை. ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் எழுதியனுப்பிய காரணத்தைத் தமிழில் கேட்க, அங்கே வேலைசெய்த டொக்டர் கிறிஸ்துநாயகத்தைத் தவிர வேறு ஆளை அவனுக்குத் தெரியாது.

டொக்டர் படித்துச் சொன்னார். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி பிறவியிலேயே ஓரிடத்தில் ஒடுங்கியிருந்திருக்கிறது. அபூர்வமான குறை. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறியபோது நாடி கிழிந்துவிட்டது.

அவனை இருக்கச் சொல்லிவிட்டு, பழைய படங்கள் வைக்கும் அறைக்குப் போய்த் தவமலரின் உறையைத் தேடி எடுத்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அகதியாக வந்திறங்கியபோது, காசநோய்ச் சோதனைக்காக எடுத்த எக்ஸ்ரே. அங்கேயே விளக்குப் பெட்டியில் மாட்டினார். நுரையீரல் சுத்தம்தான். ஆனால் விலா எலும்புகளின் கீழ் விளிம்புகள் எலி கரும்பியதுபோல் பள்ளம் பள்ளமாக இருந்தன. ஒடுக்கத்தைச் சுற்றிப்போக வழி தேடிய இரத்தம் சிறு நாடிகளைப் பருக்கவைத்து எலும்பை அரித்திருந்தது. பரீட்சையில் அவர் எழுதித் தேறிய அடையாளம் அது.

உறையில் 'காசநோய் இல்லை' என்ற முத்திரை. கீழே அவருடைய கையெழுத்து. ஒரு காலையில் அறுபது படங்கள் பார்ப்பார். யாழ்ப்பாணத்துப் பெயரென்றால் கண் நேரே காசநோய் தங்கும் நுரையீரலின் உச்சிக்குத்தான் போகும்.

உறையோடு திரும்பினார். தில்லையம்பலம் தானாகவே பேசத் தொடங்கினான். அவளுக்கு எப்போதும் தலையிடியாம். காலிரண்டும் சில்லிட்டுக் கிடக்குமாம். போய்க் காட்டு என்றால் கேட்கமாட்டாளாம்.

"'எங்கட டொக்டரே நெஞ்சில ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ எண்டு சொன்னவர், உங்களுக்கென்ன' எண்டு அவ என்னைப் பேசுவா," என்றான். "வெள்ளைக்காரன் சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டா."

கடிதத்தை மடித்து கோட்டுப் பைக்குள் வைத்து, நன்றி சொல்லி எழுந்தான். உறை மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அவன் கதவின் கைப்பிடியில் கைவைத்தபோது டொக்டர் கூப்பிட்டார்.

"தில்லையம்பலம், இருங்கோ. அந்தக் குறைக்கு அடையாளம் அவவின்ர பழைய எக்ஸ்ரே படத்தில இருந்தது. பார்த்தது நான்தான். நான் காணேல்லை."

அவன் கைப்பிடியை விடாமல் நின்றான். பிறகு, தனக்கும் காட்ட ஏலுமோ என்று கேட்டான்.

டொக்டர் தன் மேசையருகிலிருந்த விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டி, விரலால் ஒரு விலா எலும்பின் அடியோரமாகக் கோடிழுத்தார். அடுத்த எலும்புக்கு விரலை நகர்த்துமுன் தில்லையம்பலம் தடுத்தான்.

"வேண்டாம் டொக்டர்," என்றான். "மிச்சம் எனக்கே தெரியுது."