கிளப் சோப்பு

கோல்ஃப் ஆட நாள் குறித்துவிட்டால், அதை ரத்து செய்ய எங்கள் ஆட்களிடம் ஒரே ஒரு காரணம்தான் எடுபடும். சாவு. அதுவும் அப்பா சாவு, மாமியார் சாவெல்லாம் செல்லாது, சொந்தச் சாவு. வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதை மீறிய ஒரு மனிதனையும் நான் கண்டதில்லை.

என் பெயர் பியோ. கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த ரப்பரை வாங்கும் பெரிய கம்பெனியின் துணைத் தலைவர் மேங். வருஷக்கணக்காக, மாதம் ஒரு சனிக்கிழமை, அவரை விடியுமுன் சியோலில் வீட்டுக்கே போய் ஏற்றிக்கொண்டு காங்வோன் மலையிலிருக்கும் இந்த கிளப்புக்குக் கூட்டிவருகிறேன். உறுப்பினர் இல்லாதவனை வாசல் சங்கிலியைக்கூடத் தாண்ட விடமாட்டார்கள். எங்கள் முதலாளி உறுப்பினர். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்? அவருக்குத் தெரியாமல், இரண்டு மூன்று அடி வித்தியாசத்தில் தோற்பது என் வேலை. நம்புங்கள், ஜெயிப்பது இதைவிடச் சுலபம்.

கிளம்பும்போது என் மனைவி யோன்-சுக் வாசலில் நின்று, "நல்லா தோத்துட்டு வாங்க" என்பாள். ஆட்டம் முடிந்தால் கிளப்பின் வெந்நீர்த் தொட்டியில் எல்லோரும் சேர்ந்து குளிக்காமல் யாரும் மலையிறங்குவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் காலரை முகர்ந்து பார்ப்பாள். "ம், பைன் சோப்பு. கடைசிக் குழி வரைக்கும் தோத்தாச்சு போல" என்று சிரிப்பாள்.

இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. கட்டி. ஆஸ்பத்திரி தேதி பிறகுதான் வந்தது, கோல்ஃப் தேதி அதற்கு முன்பே குறித்தாகிவிட்டது. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். எடுக்க முடிந்தால் நாலு மணி நேரம் பிடிக்கும். பரவியிருந்தால் அப்படியே மூடிவிடுவோம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"நான் போகல" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க? நான் செத்துட்டேன்னா?" அவளுக்குச் சிரிப்புதான். "இந்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும்ல? போங்க. நீங்க வெளியில உக்காந்து பெருமூச்சு விட்டே என் தங்கச்சியக் கொன்னுடுவீங்க."

போனேன். காறித் துப்புங்கள், துடைத்துக்கொள்கிறேன்.

மலையில் மூடுபனி. கை நீட்டினால் கை தெரியவில்லை. மேங்கோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் அவர் அலுவலக ஆட்கள் இரண்டு பேரும் வரவில்லை. காய்ச்சலாம், இரண்டு பேருக்கும். காய்ச்சலுக்கெல்லாம் கோல்ஃபை விடுகிறவர்களா அவர்கள்? எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். என் மூளைதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்ததே.

மட்டைப் பையும் வண்டியும் பார்த்துக்கொள்கிற தாக் அம்மா, "அதோ அந்தப் பக்கம்தான் கொடி. நம்பி அடிங்க சார்" என்றாள்.

மேங் அடித்தார். பந்து பனிக்குள் போனது. எங்கே விழுந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"நைஸ் ஷாட்!" என்று கத்தினேன்.

"எங்க போச்சுன்னு பாத்தியா நீ?"

"சத்தமே சொல்லுதே சார்."

"பள்ளத்துல விழுந்த சத்தமா இருந்தாலும் நைஸ் ஷாட்டா? உனக்கு நாக்கு இருக்கா, இல்ல உங்க கம்பெனி ரப்பர்ல செஞ்சு போட்டிருக்கா?"

வழக்கமாக இதற்குச் சத்தமாகச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. குழிக்குழியாக, ஈரப் புல்லில், ஊருக்கு உழைக்கிற கழுதைகள் மாதிரி ஏறி இறங்கினோம். எனக்குக் கால் கடுத்தது, தோள் கடுத்தது, அந்த 'நைஸ் ஷாட்' சொல்லிச் சொல்லி வாயும் கடுத்தது. பாக்கெட்டில் போன் பேசாமல் இருந்தது. பேசாதே, பேசாதே என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டே நடந்தேன்.

பாதி ஆட்டத்தில் இளைப்பாறும் குடிசையில் சூடாக டோஃபுவும் அரிசிக் கள்ளும் வைத்தார்கள். முதல் வாய்தான் வைத்தேன், போன் அடித்தது. மச்சினி யோன்-ஹி.

"அத்தான்..." என்றாள். "வெளிய கொண்டுவந்துட்டாங்க, அத்தான்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"யாருய்யா?" என்றார் மேங். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த கிண்ணம் மேஜையில் மோதிக் கள் சிந்தியது.

"அட முட்டாளே! ஏன்யா சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"ஒப்பந்தம் சார்... இந்த மாசம்..."

"என்ன ஒப்பந்தம்? வியாழக்கிழமையே என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்கய்யா. மேஜையக் காலி பண்ணியாச்சு. அந்த ரெண்டு பயலும் ஏன் வரலன்னு நெனச்ச?" அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் வரலன்னா நீ பயந்துடுவியேன்னு வந்தேன். சாகாம எப்படிடா ரத்து பண்றதுன்னு வந்தேன்."

அவருக்காக நான் வந்தேன். எனக்காக அவர் வந்தார். போங்கடா, நீங்களும் உங்கள் கோல்ஃபும் என்று அந்த மலை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவும் தெம்பில்லை.

தாக் அம்மா வண்டியைத் திருப்பினாள். கார் சாவியை எடுத்தேன். மேங் அதைப் பிடுங்கிக்கொண்டு, "ஏறு" என்றார். இத்தனை வருஷமாகப் பின் சீட்டில் தூங்கிவந்த மனிதர், சியோல் நகரம் வரை தானே ஓட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆட்டச் சட்டையோடு, யோன்-ஹி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் உள்ளே போனபோது யோன்-சுக் கண் விழித்திருக்கவில்லை. திரைச்சீலை இழுத்திருந்தது. சுவரில் கடிகாரம் இல்லை. அதற்காக யாருக்கோ நன்றி சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவள் இமை அசைந்தது.

"மணி என்ன?" அதைத்தான் முதலில் கேட்டாள்.

"மூணு" என்றேன். அப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. "நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எல்லாம் எடுத்துட்டாங்களாம். நீ தூங்கு."

"அப்படியா?" என்று என்னையே பார்த்தாள். "நல்லா தோத்தீங்களா?"

"நல்லா தோத்தேன். பதினெட்டுக் குழியும்."

கையை மெல்லத் தூக்கி என் காலரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். குனிந்தேன். மூக்கை வைத்து முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள். பிறகு காலரை விட்டுவிட்டு, கசங்கிய இடத்தை விரலால் நீவினாள்.

"நீங்க குளிக்கவே இல்லையே" என்றாள்.