ஸ்டெல்லா வீட்டு பஸ்ஸர்

சாக்கடைப் பம்பு ரிப்பேர் பார்க்கிறவளிடம் எந்த வீடும் எதையும் மறைக்க முடியாது. எங்கள் ஏரிக்கரை வீடுகளெல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன, மெயின் குழாயோ மேட்டு ரோட்டில் போகிறது. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி புதைத்து, உள்ளே ஒரு பம்பை இறக்கியிருக்கிறோம். வருவதையெல்லாம் அரைத்து மேலே தள்ளும். அரைபடாதது ஏதாவது வந்து சிக்கினால் நின்றுவிடும். உடனே வெளிச்சுவரில் இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும், எனக்குப் போன் வரும். பதினெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

அந்த நவம்பரில் மட்டும் கிளெமென்ஸ் வீட்டிலிருந்து மூன்று தடவை போன். முதல் தடவை கைத்துண்டு. இரண்டாவது தடவை கம்பளி சாக்ஸ். மூன்றாவது தடவை கரண்ட் பிரேக்கரை அணைத்துப் பூட்டிவிட்டு, சங்கிலியைப் பிடித்துப் பம்பை மேலே தூக்கினால், அரைக்கிற கத்தியில் ஒரு சட்டைக் கை பொத்தானோடு சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் கிளெமென்ஸ், இது என்ன பம்பா, வாஷிங் மெஷினா? எழுபத்தாறு வயசாச்சு, டாய்லெட்டுல என்ன போடலாம் என்ன போடக்கூடாதுன்னு இன்னுமா தெரியல?"

"நான் போடலம்மா ரோண்டா." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஸ்டெல்லா துவைக்கிறா. அதுக்குள்ள போட்டுத்தான் துவைக்கிறா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் மனைவி ஸ்டெல்லாவுக்கு மறதி நோய் என்று ஊருக்கே தெரியும். இவ்வளவு தூரம் முற்றிவிட்டது என்று எனக்குத் தெரியாது.

"துணி போனா போவுது. இந்த பஸ்ஸர்தான் என் உயிரை வாங்குது" என்றார். "முப்பத்தொரு வருஷம் செர்ரி ஃபேக்டரியில வேலை பாத்தவ. அங்க ஷிஃப்டுக்கு இதே மாதிரிதான் அடிப்பான். இது அடிச்சா போதும், கோட்டை மாட்டிக்கிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடறா, நான் ஓடிப்போய்க் கதவை மறிச்சாத்தான் உண்டு. போன வியாழக்கிழமை ரோட்டு மேல, பனியில, வீட்டுச் செருப்போட நின்னுட்டிருந்தா. மார்லீனுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

மார்லீன் அவர்களுடைய ஒரே மகள். நகரத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் அம்மாவுக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை ஏதாவது ஆனால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

"அம்பத்திரண்டு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தவங்க நாங்க. அவ இல்லாம நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

அதற்குள் ஸ்டெல்லாவே வாசலுக்கு வந்துவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏய், புதுசா நீ? தலைக்கு வலை எங்கடி? சூப்பர்வைசர் பாத்தான்னா கிழிச்சிருவான்!"

"மறந்துட்டேன்க்கா. நாளைக்குப் போட்டுட்டு வரேன்."

"நாளைக்காம் நாளைக்கு. முடி விழுந்த செர்ரியை நீயா திம்பே?"

கிளெமென்ஸ் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெட்டியைத் திறந்து பஸ்ஸர் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி ஓரமாக மடக்கிவிட்டேன்.

"இது ரூல்ஸ்ல கிடையாது. என் வேலையே போயிடும்" என்றேன். "விளக்கு மட்டும் எரியும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வெளியே வந்து பாக்கணும். தவறக்கூடாது."

சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். சமையலறைக்குள்ளேயே வயர் இழுத்து இன்னொரு சிவப்பு விளக்கைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அரை நாள் வேலை. அடுத்த வாரம் பார்ப்போம் என்று விட்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை, பாவி நான்.

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. ரோட்டில் போகும்போதெல்லாம் பார்ப்பேன், பெட்டிக்கு முன்னால் நிற்பார். என் வண்டியைக் கண்டதும் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார்.

ஜனவரியில் நாலு நாள் பனிப்புயல் அடித்தது. ஸ்டெல்லா ராப்பகலாகத் தூங்கவில்லை, அவரையும் தூங்க விடவில்லை. அவளைத் தனியே விட்டுவிட்டு வெளியே வரப் பயந்து, ஜன்னல் வழியாகவே பெட்டியை எட்டிப் பார்த்திருக்கிறார். சிவப்பாக ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பெட்டி மேல் ஒரு சாண் கனத்துக்குப் பனி அப்பிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரோடு திறந்ததும் மார்லீன் வந்துவிட்டாள். அப்பா நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பம்பு நின்று தொட்டி நிரம்பி, நிலவறையில் கணுக்கால் அளவுக்குச் சாக்கடைத் தண்ணீர். அதில் வெறுங்காலோடு நின்று, குனிந்து, இரண்டு கையாலும் அளைந்துகொண்டிருந்தாள் ஸ்டெல்லா. செர்ரி கழுவுகிறாளாம்.

எனக்குப் போன் வந்தது. போனேன். பம்பில் சிக்கியிருந்தது ஒரு மேஜை விரிப்பு. அதை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தபோது மார்லீன் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இத்தனை தண்ணி ஏறியிருக்கு, பஸ்ஸர் ஏன் அடிக்கல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிளெமென்ஸ் சொன்னார்: "நான்தான் வயரைப் புடுங்கிட்டேன்."

"அப்பா!"

"சத்தம் தாங்க முடியல. புடுங்கிட்டேன்."

மார்லீன் அவரையே பார்த்தாள். "உங்களை நம்பி இனிமே அம்மாவை எப்படிப்பா விட்டுட்டுப் போவேன்?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயரைக் கழற்றியது நான்தான் என்று சொல்லியிருந்தால், ஒருவேளை மார்லீன் இன்னொரு தடவை பொறுத்திருப்பாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் குனிந்த தலை நிமிராமல் மேஜை விரிப்பை அறுத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் ஸ்டெல்லாவைக் காரில் ஏற்றினார்கள். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் போனாள், வேலைக்குப் போகிறோம் என்று.

மார்ச்சில் கிளெமென்ஸ் போன் செய்தார். "அந்த பஸ்ஸரை மாட்டிடும்மா. இனிமே அடிச்சா என்ன?"

போய் வயரை மாட்டினேன். "மார்லீன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லி? உன் பொழப்பையும் கெடுத்துக்கவா? அங்க அவளுக்கு என்னைய அடையாளமே தெரியலம்மா. போன வாரம் என்கிட்டயே, 'என் வீட்டுக்காரர் ஃபேக்டரி கேட்டுல காத்திருப்பாரு, விடுங்க'ன்னு கெஞ்சறா." அவர் உள்ளே போய்விட்டார்.

மாட்டினால் சோதித்துப் பார்க்க வேண்டும். தொட்டி மூடியைத் திறந்து, தண்ணீர் ஏறினால் பஸ்ஸரை அடிக்க வைக்கும் மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தேன். பஸ்ஸர் அலறியது. வீட்டுக்குள் நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம். பதறிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிளெமென்ஸ் ஓடிவந்து வாசல் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

மிதவையை விட்டேன். சத்தம் நின்றது. அவர் கைகளை இறக்கவில்லை.