மீன் மட்டும்

"மூட்டையைக் காட்டுங்க மாமா."

கேட்டுவிட்டேன். மாமாவின் செல்லப்பிராணித் தீனிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்துச் சொன்னது இந்த ஒன்றைத்தான். "மாமாகிட்ட லீவு கேளு, சம்பளம் கூட்டிக் கேளு, சண்டைகூடப் போடு. 'காட்டு'ன்னு மட்டும் கேட்காதே. காட்டுன்னா நம்பலைன்னு அர்த்தம்."

நம்பவில்லை. அதனால்தான் கேட்டேன்.

மாமா கல்லாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்த மூட்டை?"

"மீன் டிரம்ல கொட்டின மூட்டை. காலிப் பை பின்னாடி இருக்கும்ல, அது."

"மணி மூணே காலாச்சு. நீ சாப்பிட்டியா?"

பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விகளுக்கெல்லாம் மாமா சாப்பிட்டியா என்றுதான் கேட்பார்.

பத்து நிமிடம் முன்புதான் டைலரம்மா வந்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த தெருவில் பள்ளிச் சீருடை தைப்பவர். தனி ஆள். துணை என்றால் பட்டன்தான். பட்டன் அவருடைய பூனை, பன்னிரண்டு வயது. பாதி தீர்ந்திருந்த தீனிப் பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தார்.

"இதை வேற யாருக்காவது குடுத்துடும்மா. இனிமே வேண்டியிருக்காது."

"ஏங்கம்மா, என்னாச்சு?"

"நாலு மணிக்கு வயித்தைத் திறக்கிறாங்க. கட்டியா இருக்கலாமாம். மீனைத் தவிர வேற ஒண்ணுமே குடுக்கலை, அப்புறமும் வாந்தின்னா வேற என்னவா இருக்கும்னு டாக்டர் கேக்குறார். இந்த வயசுல மயக்க மருந்தைத் தாங்குமான்னும் தெரியலையாம்."

அவர் அழவில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டார். "உன்மேல ஒரு குறையும் இல்லம்மா. நீ பார்த்துத்தான் எடுத்துக் குடுத்தே" என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு நடந்தார்.

பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன், உண்மைதான். பட்டனுக்குக் கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஏழு வாரம் முன்பு டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு மாதம் ஒரே ஒரு மாமிசம்தான், அதுவும் அது இதுவரை தின்றிராததாக இருக்க வேண்டும், வேறு எதுவும் ஒரு துணுக்குக்கூட வாயில் படக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கடையில் இருந்த பதினோரு வகைத் தீனியையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் உணவு அறிவியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வருகிறவர்கள் எல்லோரிடமும் "நம்ம பொண்ணு டிகிரி, கேளுங்க" என்று மாமா என்னைத்தான் கைகாட்டுவார்.

அந்தப் பைகள் எல்லாமே புளுகுமூட்டைகள். முன்பக்கம் மீன் துள்ளும், பின்பக்கம் ஐந்தாவது வரியில் கோழிக் கொழுப்பு இருக்கும். 'மென்மையான வயிற்றுக்கு' என்று தங்க எழுத்தில் போட்டிருந்த பையில் முதல் சரக்கே கோழித்தூள். பத்தைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்தேன். அது பெரிய மூட்டையாக மட்டும்தான் வரும். டைலரம்மாவால் மொத்தமாக வாங்க முடியாது. அதனால் தனி டிரம் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, 'மீன் மட்டும்' என்று எழுதி ஒட்டி, அவருக்கும் கேட்ட மற்றவர்களுக்கும் அரை அரைக் கிலோவாக அள்ளிக் கொடுத்தேன். இரண்டு வாரம் வாந்தி நின்றது. டைலரம்மா சந்தோஷத்தில் என் குடைக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். மூன்றாவது வாரம் மறுபடி ஆரம்பித்தது.

அவர் போனதும் பொட்டலத்திலிருந்து ஓர் உருண்டையை எடுத்து நகத்தால் உடைத்தேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. கோபம், கைக்கு எதையாவது உடைக்க வேண்டியிருந்தது. மீன் தீனி உள்ளே சாம்பல் நிறமாக இருக்கும். இது மஞ்சள். பத்து உருண்டை உடைத்தேன், ஒன்பது மஞ்சள். டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளினேன். அதுவும் மஞ்சள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு உருண்டைதான். ஐந்து வாரமாக இதை என் கையால்தான் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். டிரம்மில் ஒட்டியிருந்ததைப் படித்தேனே தவிர, டிரம்முக்குள் இருந்ததைப் பார்க்கவே இல்லை.

"மாமா, இன்னும் முக்கால் மணி நேரத்துல அந்தப் பூனையை வெட்டப் போறாங்க."

"டாக்டர் வெட்டுறார். நானா கத்தியை எடுத்துட்டு நிக்கிறேன்?" சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னார். "அதுக்கு வயிறு சரியில்லை, உனக்கு வாய் சரியில்லை. அவர்கிட்டயே உனக்கும் ஒரு மருந்து எழுதி வாங்கணும்."

நான் பின்கட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் குந்தியிருந்தாள், கரண்டியைத் துடைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினாள். காலிப் பைகள் படிக்கு அடியில் மடித்துக் கிடந்தன. இழுத்துப் போட்டேன். மேலே மூன்று பைகள், நீலப் பட்டை. அடியில் ஒன்று பழையது, அதுவும் நீலப் பட்டை. பழையதைத் திருப்பினேன், மீன். புதியதைத் திருப்பினேன். கோழி, கோழிக் கொழுப்பு, கோழி ஈரல்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கையெழுத்துப் போடுவாள், அதையும் படம் வரைவதுபோல வரைவாள். கடையில் டிரம்களில் தீனி கொட்டுவது அவள் வேலை, பட்டையின் நிறத்தை வைத்துத்தான் பிரிப்பாள். நீலம் மீன், சிவப்பு கோழி. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட மாற்றிக் கொட்டியதில்லை. கம்பெனிக்காரன் கோழிப் பைக்கு நீலத்தைப் பூசி அனுப்பினால் அவள் என்ன செய்வாள்?

கம்பெனிக்காரனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அதில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

கரண்டியைப் பார்த்தாள்.

"அம்மா, உன்னைத்தான் கேக்குறேன்."

"கொட்டின பத்து நாள்லயே தம்பி பையைப் பார்த்துட்டான்."

"பார்த்துட்டு?"

"நான்தான் விடுக்கான்னேன்." மாமா வாசற்காலில் தோளைச் சாய்த்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "டிரம்மோட கொண்டுபோய்க் குப்பையில கொட்டச் சொல்றியா? ரெண்டையும் பூனைதானே தின்னுது, எருமையா தின்னுது?"

நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு மாசமா டைலரம்மா வந்து வந்து கேட்டாங்க. நீ இங்கேதான் இருந்தே. என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிடி சொல்றது? நீதான் சீட்டு எழுதி ஒட்டியிருந்தே. இதைக்கூடப் படிக்கத் தெரியாதான்னு ஒரு பார்வை பார்ப்பியே நீ. கத்தினாலும் பரவாயில்லை. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியாது."

அப்படி ஒரு பார்வை என்னிடம் உண்டு.

மருத்துவமனைக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். அங்கே இருப்பதே இரண்டு பேர். இருவரும் உள்ளே போய்விட்டால் போனை எடுக்க ஆளில்லை. டைலரம்மாவிடம் போனே கிடையாது.

"அவசரப்படாதே" என்றார் மாமா. குரல் இப்போது இறங்கியிருந்தது. "திறந்து பார்ப்பாங்க, ஒண்ணும் இல்லைன்னா தைச்சு அனுப்பிடுவாங்க. டைலரம்மா வீட்டுல தையல் என்ன புதுசா?" அவரே சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "சாயங்காலம் ஒரு எட்டு போய் விசாரி. நல்ல தீனியா ஒரு மூட்டை சும்மாவே குடுத்துடலாம். நான் வேண்டாம்னா சொல்றேன்?"

"சாயங்காலம் அது உயிரோட இருந்தாத்தானே மாமா தின்னும்?"

"சரி, போ. போய்ச் சொல்லு. நம்மகிட்ட வர்றதுல பாதிப் பேர் அந்த டாக்டர் அனுப்புற ஆளுங்க. நாளையிலிருந்து ஒருத்தர் வரமாட்டாங்க. கடை போனா மாடி ரூமும் போகும். அப்ப ரெண்டு பேரும் எங்க படுப்பீங்க? உன் சர்டிபிகேட்டை விரிச்சா?"

அதை அவர் மிரட்டுவதற்காக மட்டும் சொல்லவில்லை. நடக்கக்கூடியதுதான். அப்பா போனபிறகு நாங்கள் இரண்டு பெட்டியோடு வந்து நின்றபோது ஒரு கேள்விகூடக் கேட்காமல் மாடிச் சாவியைக் கொடுத்தவர் இவர்தான். அது நினைவுக்கு வந்தது. அதோடு, ஐந்து வாரமாக ஒரு பூனை ஒவ்வொரு காலையும் டைலரம்மாவின் மிஷினுக்கு அடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, மறுபடி நாங்கள் கொடுத்த கோழியையே கிண்ணத்தில் போட்டிருக்கிறார்.

பழைய பை ஒன்று, புதிய பை ஒன்று, இரண்டையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். டைலரம்மா விட்டுப்போன பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன். வாயால் மட்டும் சொன்னால் கத்தியைக் கீழே வைக்க மாட்டார்கள்.

"பையை வச்சுட்டுப் போ" என்றார் மாமா. வாசற்காலில் கையைக் குறுக்கே வைத்திருந்தார்.

"கையை எடுங்க மாமா."

"அக்கா, உன் பொண்ணுகிட்டச் சொல்லு."

அம்மா எழுந்தாள். என் பக்கமும் வரவில்லை, தம்பி பக்கமும் போகவில்லை. "என் பேரையும் சொல்லுவியா?" என்று கேட்டாள்.

சொல்லமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் கேட்டாள். ஆனால் யார், எப்போதிலிருந்து, எவ்வளவு என்று டாக்டர் கேட்பார். அரைகுறையாக இழுத்தால் என்னை நம்பமாட்டார். நம்பவில்லை என்றால் பட்டன் மேசையில்தான் கிடக்கும்.

"தெரியாம நீ கொட்டினே. தெரிஞ்சே மாமா மறைச்சார். நான் கண்ணைத் திறந்து பார்க்காம அள்ளிக் குடுத்தேன். மூணையும்தான் சொல்லப்போறேன்மா."

அவள் அப்படியே பின்னால் இருந்த மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். மாமாவின் கைக்கு அடியில் குனிந்து, தோளால் இடித்துக்கொண்டு கடைக்குள் வந்தேன்.

"இப்படிப் போனா திரும்பி வராதே!" என்று பின்னாலிருந்து கத்தினார். "உன் துணிமணியைக் கீழே இறக்கி வச்சிடுவேன்!"

"இறக்கி வைங்க" என்றேன், திரும்பாமலே. "அம்மாவோடதை மட்டும் தொடாதீங்க. அதை அவங்களே முடிவு பண்ணட்டும்."

கவுண்டருக்கு மேலே மணி மூன்று இருபத்தெட்டு. மருத்துவமனைக்கு இரண்டு திருப்பம், நடந்தால் பத்து நிமிடம். கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு தெருவில் இறங்கினேன்.